மூன்று முறையும் ஒரே சர்வர்

எங்கள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவளுக்கு ‘சந்தேகம்’ என்றுதான் பெயர். அறையைப் பூட்டிப் பாதிப் படி இறங்கியவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பட்டம் சூட்டியவன் பக்கத்து மேஜைக்காரனான நான்தான்.

அன்று மாலை நாலு மணி தாண்டியதும் அவளுடைய அக்கா போன் செய்தாள். வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்கிறவள். அடுத்த வாரத்துக்கான நேரத்தை அவரவர் போனிலிருந்து எங்கள் இணையதளத்தில் பதிய வேண்டும்; அன்று ஐந்து மணியோடு சரி.

“உங்க சைட்டைத் திறந்தா ‘நம்பாதே’ன்னு சிவப்பா வருதுடி. ரெண்டு நாளா மூடி மூடி வைக்கிறேன்.”

“இங்க நல்லா இருக்கேக்கா! புது சான்றிதழ் போட்டு மூணு தடவை பார்த்தேனே!”

தளம் போலியில்லை என்று பிரவுசருக்குக் காட்டும் அடையாள அட்டைதான் அந்தச் சான்றிதழ். பழையது காலாவதியாகும் முன்பே, போன வாரம் மாற்றியிருந்தாள்.

“பரவாயில்லை, தொடருன்னு அமுக்கச் சொல்லேன். வேலை முடிஞ்சுது” என்றேன்.

முறைத்தாள். “சிவப்பா வந்தா எதையும் அமுக்காதேன்னு சொல்லிக் கொடுத்தவளே நான்தான். இப்ப நானே மாத்திச் சொல்லவா?”

மணி நாலு இருபது.

தளத்துக்கு மூன்று சர்வர்கள். வருகிறவர்களைப் பிரித்து அனுப்ப முன்னால் ஒரு லோடு பேலன்சர். அது ஒருவரை ஒரு சர்வருக்கு அனுப்பிவிட்டால், மறுபடியும் அங்கேயே தள்ளும். சட்டென்று தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று தடவை பார்த்தாள்தான், மூன்று தடவையும் ஒரே சர்வரை!

இந்த முறை ஒவ்வொன்றையும் அதனதன் முகவரியில் தனித்தனியாகத் திறந்தாள். முதலாவது சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் சிவப்பு; காலாவதியான பழைய சான்றிதழ்.

அவள் சான்றிதழ் மாற்றிய அன்று அந்த சர்வர் ரிப்பேரில் இருந்தது. மறுநாள் திரும்ப வரிசையில் சேர்த்தவன் நான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“தப்பு என்னோடது” என்றேன்.

“அப்புறம் திட்டுறேன்” என்றபடி அந்த சர்வரை வரிசையிலிருந்து விலக்கிவிட்டு அக்காவை அழைத்தாள்.

“சிவப்பு போயிடுச்சுடி. அமுக்கலாமா?”

“தாராளமா அமுக்குக்கா.”

பிறகு, “செவ்வாய், வெள்ளி, ரெண்டும் கிடைச்சிடுச்சு!” என்று போனுக்கு வெளியே கேட்டது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவது சர்வரில் புதுச் சான்றிதழை ஏற்ற ஆரம்பித்தாள்.

“இப்ப திட்டு” என்றேன்.

“நீ சொன்னபடி அவ அமுக்கியிருந்தா, இது நமக்குத் தெரிஞ்சே இருக்காது” என்றாள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.