காலையில் ஒரு சொம்பு

ஓசூரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் ஓனரம்மாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்பார்கள். எனக்கு ஆற்றவில்லை. கோயிலில் கண்ணை மூடினால் சாமிக்கு முன்னால் அந்த வெறும் ஜன்னல் பலகைதான் வந்து நிற்கிறது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. கணவருக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. விருதுநகர் வெயிலிலிருந்து வந்த எங்களுக்கு ஓசூரின் குளிர் பிடித்துப்போயிற்று. என் மகளுக்குச் செடி பிடித்தது. பள்ளியிலிருந்து பெங்களூர் மலர்க் கண்காட்சிக்குப் போனவள், உள்ளங்கை அளவுத் தொட்டி ஒன்றோடு திரும்பினாள். சாம்பல் பூத்த தடித்த இலைகள், கல்லில் செதுக்கிய ரோஜாவைப் போல அடுக்கடுக்காக இருந்தன. சக்குலன்ட் என்றாள்; இலையிலேயே தண்ணீரைச் சேர்த்துவைக்குமாம். அதற்குப்பின் அவள் கைச்செலவுக் காசெல்லாம் பாகலூர் சாலை நர்சரிக்குப் போனது. ஐஸ்கிரீம் கப்புகளில் சூடான ஆணியால் ஓட்டை போடுவாள். செம்மண்ணோடு மணலும் செங்கல் துண்டும் கலந்து நிரப்புவாள். ஹாலின் கிழக்கு ஜன்னல் பலகை முழுக்க அவளுடைய ராஜ்ஜியம். என்னை மட்டும் கிட்டே விடமாட்டாள்.

"நீ பயந்து பயந்து தண்ணி ஊத்தியே கொன்னுருவம்மா."

உண்மைதான். நான் பயப்படுகிற ஆள். அவளுடைய பள்ளி பஸ் பத்து நிமிடம் தாமதமானால் தெருமுனைக்கு ஓடிவிடுவேன்.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு காலை, பிரேயர் வரிசையில் நின்றவள் அப்படியே விழுந்தாள். வலிப்பு. பெங்களூர் மருத்துவமனையில் ஒரு வாரம் இருந்தோம். மாத்திரையை விடாமல் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினால் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். திரும்பி வரும் பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டும்வரை அந்த வார்த்தைகளையே மனதுக்குள் உருப்போட்டுக்கொண்டு வந்தேன்.

குழாயில் தண்ணீர் வந்தால் பிடித்துவைக்கட்டும் என்று ஓனரம்மாவிடம் சாவி கொடுத்திருந்தேன். கதவைத் திறந்ததும் மஞ்சள் தண்ணீர் வாடை. ஜன்னல் பலகை துடைத்துவிட்டாற்போல் காலி.

பின்னாலேயே படியேறி வந்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. முள்ளுச் செடிய வூட்டுக்குள்ள வச்சா வயசுப் புள்ளைக்கு ஆவாது. அதான் புள்ள இப்டி வுழுந்துச்சு. எல்லாத்தயும் எடுத்து வெளிய கடாசிட்டேன். மஞ்சத்தண்ணியும் தெளிச்சிட்டேன்."

"அதுல ஒண்ணே ஒண்ணுலதாங்க முள்ளு இருந்துச்சு."

"ஒண்ணு இருந்தாப் பத்தாதா?"

என் மகள் கையில் மருந்துப் பையோடு கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். நாங்கள் ஊரில் இல்லாத அந்த ஒரு வாரத்தில், 'மாடி வீட்டுப் பொண்ணுக்குக் காக்கா வலிப்பு' என்று தெருவுக்கே சொல்லி முடித்திருந்தார் என்பதும் மறுநாள் பால் வாங்கப் போனபோது தெரிந்தது.

"அம்மா, நான் அந்தச் செடியெல்லாம் கொண்டாந்ததாலதான் எனக்கு இப்பிடி ஆச்சா?"

"பைத்தியமா உனக்கு? டாக்டர் சொன்னதக் கேட்டல்ல?"

"வேணாம்மா. இனிமே செடியே வேணாம்."

பாலிலிருந்து படிப்புவரை எதற்கெடுத்தாலும் என்னோடு வாதாடுகிற பெண், வாதாடாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். எனக்கு வலிப்பைவிட அது பயமாக இருந்தது. அந்தப் பயம்தான் கொஞ்ச நேரத்தில் கோபமாக இறுகியது.

வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில்தான் கொட்டியிருந்தார். மாடு மிதித்துத் தொட்டிகள் நசுங்கிக் கிடந்தன. செடி ஒன்றுகூடத் தேறாது. உதிர்ந்து கிடந்த இலைகளை மட்டும் முந்தானையில் பொறுக்கிக்கொண்டு வந்தேன். ஒற்றை இலையிலிருந்து புதுச் செடி வரும் என்று அவள் எப்போதோ சொன்னது நினைவிருந்தது. அதே ஜன்னலில், ஓனரம்மா மொட்டைமாடிக்குத் துணி காயப்போட ஏறும் படிக்கு நேராக, பழையதைப்போல இரண்டு மடங்கு வளர்க்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முதலில் வைத்த இலைகள் கண்ணாடிபோலாகி அழுகின. வழக்கம்போல் தண்ணீர் ஊற்றிவிட்டேன். மீதியை ஈரமே இல்லாத மணல்மேல் சும்மா பரப்பிவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் தெரியாது. இலைகள் சுருங்கின. செத்துவிட்டன என்று நினைத்த வேளையில், இலைகளின் அடிமுனைகளில் நூல் போல இளஞ்சிவப்பு வேர் எட்டிப்பார்த்தது. பக்கத்திலேயே கடுகளவு குருத்து. பழிவாங்கவும் அதே பக்குவம்தான். அவசரப்பட்டால் அழுகிவிடும்.

ஈரத்துணி வாளியோடு படியேறிய ஓனரம்மா ஒருநாள் ஜன்னலில் நின்றுவிட்டார்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியாம்மா?"

"உங்க வாசல்ல கயித்துல தலைகீழாத் தொங்குதே கத்தாழை, அது என்ன மல்லிகையாங்க? அதுலயும் ஓரமெல்லாம் முள்ளுதான்."

"அது திருஷ்டிக்கும்மா! வெளியல்ல கீது, உள்ளயா கீது?"

"உங்க வீட்டுக்கு வர்ற திருஷ்டி வாசலோட நின்னுருது. எங்க வீட்டுக்கு வர்றது சாவி போட்டுத் திறந்து உள்ளயே வந்துருது. அதான் நாங்க உள்ள வச்சிருக்கோம்."

வாளி தண்ணீர் படியெல்லாம் சிந்த விறுவிறுவென்று ஏறிப் போனார். அன்று எனக்குச் சாப்பாடு ருசித்தது.

மறுநாள் பார்க்கிறேன், வெயில் பக்கம் சாய்ந்திருந்த குருத்துகளெல்லாம் அறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. யாரோ கப்புகளைத் திருப்பிவைத்திருந்தார்கள். அடுத்த வாரம், இலையிடுக்கில் பஞ்சுபோல் வந்திருந்த மாவுப்பூச்சியை என் மகள் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்பிரிட் பாட்டிலை அவள் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்திவைத்துவிட்டுப் போனேன்.

செடிகள் பெருகப் பெருக, தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று கொடுத்தேன். ஓனரம்மா வீட்டை மட்டும் தாண்டிப் போனேன். கொடுக்கும்போதெல்லாம் "எம் பொண்ணு வளர்த்தது" என்று அழுத்திச் சொன்னேன். காக்கா வலிப்பு என்று கிசுகிசுத்த வீடுகளில் டிவிக்கு மேலே என் மகளின் செடி உட்கார்ந்தது. "பாப்பா, எல சுருங்குது, என்ன பண்றது?" என்று படியேறி வந்து கேட்டார்கள். அவள் தலைநிமிர்ந்து பதில் சொன்னாள். ஓனரம்மாவைக் கண்டால் மட்டும் இன்னும் தலையைக் குனிந்துகொள்வாள். அதுதான் எனக்கு முள்ளாக உறுத்தியது.

ஒன்றரை வருடம் கழித்துச் சொந்த வீட்டுக்குப் போனோம். டெம்போவில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கையில் ஓனரம்மா வந்தார்.

"தெருவுக்கே குடுத்தே, எனக்கு மட்டும் இல்லியாம்மா? மருமவ கேக்குறா."

இத்தனை நாள் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மகள் முன்னால் வந்தாள். இருப்பதிலேயே அழகான செடியை இரண்டு கையாலும் நீட்டினாள். ஓனரம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தண்ணி எவ்ளோ ஊத்தணும்மா?"

"காலையில ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு, ஆன்ட்டி. ஒருநாள்கூட விட்டுறாதீங்க."

"தங்கமான புள்ள" என்று கன்னத்தை வழித்துவிட்டுப் போனார்.

டெம்போ தெருமுனை திரும்பும்வரை அடக்கிக்கொண்டிருந்தோம். அப்புறம் அவள் சிரித்த சிரிப்பு, விழுந்த நாளுக்குப்பின் நான் கேட்காத சிரிப்பு. டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"பாவம்டி அந்தச் செடி" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவள் கையை விரித்தாள். உள்ளங்கையில் சாம்பல் பூத்த இலை ஒன்று இருந்தது.

"கிள்ளிட்டுத்தாம்மா குடுத்தேன்."