தண்ணீருக்கடியில் பிரியதத்தம்

கயித்தான் மச்சாது திரேஸ்புரத்துக் கடலில் குதித்தால் மன்னாரில் எழுந்து, அங்கே ஒரு கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு, தோணியில் இருப்பவர்கள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி முடிப்பதற்குள் திரும்பி வந்துவிடுவார். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். காப்பி குடித்தது உண்மை. அதுவும் திரேஸ்புரத்துக் கடையிலேயே குடித்தது. ஆனால் சங்கு குளிக்கிறவர்களில் அவரைப்போல் அடியில் தங்கக்கூடியவர்களை அந்தக் கரையில் ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம் என்பதில் கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை.

எவ்வளவு நேரம் தங்கினார் என்று பார்க்க அவரிடம் கடிகாரம் கிடையாது. மாதாவை வாழ்த்தும் பிரியதத்த மந்திரம்தான் கடிகாரம். கல் கட்டிய கயிற்றில் கால் வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கும்போதே மனசுக்குள் மந்திரத்தைத் தொடங்குவார். முதல் ஆமென் சொல்லும்போது காலில் மணல் தட்டும். பிறகு மணலில் தவழ்ந்து, சங்கைத் தடவி எடுத்து, கழுத்தில் தொங்கும் வலைப்பையில் போட்டபடியே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவார். ஆறாவது ஆமெனில் நெஞ்சு இறுகும். கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் மேலே நிற்பவன் தூக்கிவிடுவான்.

அவருடைய அப்பாவும் இப்படித்தான் மூச்சை அளந்தார். படுக்கையில் கிடந்தபோது மகனுக்குச் சொல்லிவிட்டுப் போனதும் இந்த அளவையில்தான்: "ஏலே, மூணுக்கு வந்துட்டுன்னா கடல விட்டு ஏறிரு. மாதா போதும்னு சொல்லுதாள்னு அர்த்தம். அதுக்கு மேல இறங்குனா அது வீம்பு."

யுத்தம் தொடங்கி ஐந்தாவது வருஷம், கிறிஸ்துமஸ் கழிந்த மாசம், கயித்தானுக்கு ஆறு ஐந்தாயிற்று. சளி பிடித்திருக்கிறது என்று இருந்துவிட்டார். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் தொடங்குவதற்குள் ஐந்து நாலாயிற்று. அப்போது சளி இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்குத் தெம்பும் இல்லை. வயது நாற்பத்தொன்று. இரண்டு காதிலும் சீழ். குதிகால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறி, நடந்தால் நெருப்பு மிதிக்கிற மாதிரி. ரேஷன் அரிசியில் கல்லைப் பொறுக்கினால் புழு மிஞ்சும். புழுவைப் பொறுக்கினால் ஒன்றும் மிஞ்சாது. இதெல்லாம் அவருக்குப் பெரிதில்லை. எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பது அடி ஆழத்தில், பக்கத்தில் ஒரு மனுஷரும் இல்லாத இடத்தில், மாதா தன் கையைப் பிடித்திருக்கிறாள் என்றுதான் இருபது வருஷமாக இறங்கியிருந்தார். மந்திரம் குறையக் குறைய, அந்தக் கை ஒவ்வொரு விரலாக விடுபடுகிற மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிற வழக்கம் இல்லை. பூசைக்குப் போய் தஸ்நேவிஸ் மாதா பீடத்துக்கு எதிரே முழங்காலில் நின்றார். சீழ் வற்ற வேண்டும், அரிசி நல்லதாகக் கிடைக்க வேண்டும் என்று எதுவும் கேட்கவில்லை. 'நாலோடு நிறுத்தும் தாயே' என்று மட்டும் கேட்டார். பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிப்போனார். பக்கத்தில் இருந்தவர் விலாவில் இடித்து, "மச்சாது, குறட்டை லத்தீன்ல வருது" என்றார். கயித்தானுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள், முதலாளி சம்மாட்டியின் தோணியில் அவருக்குக் கயிறு பிடித்தவன் மரியான். மனைவி பிலோமியின் தம்பி. எட்டு வருஷமாக அத்தானின் உயிர் அவன் கையில்தான். முதல் குளிப்பில் நாலாவது மந்திரம் பாதியில் நின்றது. இரண்டாம் குளிப்பில், மூன்றாவது ஆமெனோடு நெஞ்சு இறுகிவிட்டது. கயிற்றை இழுத்து மேலே வந்தவர், தோணி விளிம்பைப் பிடித்து ஏறி, பையைக் கழற்றி வைத்துவிட்டு, பலகையில் உட்கார்ந்தார்.

"மரியான், சம்மாட்டிட்ட நீயே சொல்லிரு. எனக்கு வாய் வராது."

"என்னத்தச் சொல்லணும்?"

"நான் ஏறியாச்சுன்னு. மூணுக்கு வந்துட்டு."

"எது மூணுக்கு வந்துட்டு?"

"பிரியதத்தம். ஆறு சொன்னவன் லே நான். இப்ப மூணுலயே நெஞ்சு இறுகுது. மாதா கைய எடுத்துட்டா."

மரியான் கயிற்றை வளையமாகச் சுற்றுவதை நிறுத்தினான். "காதுல மட்டுந்தான் சீழுன்னுல்லா நெனச்சேன், அத்தான்."

"கேலி பண்ணாத."

"கேலி இல்ல. நான் மேல நின்னு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுதேன். செபம் சொன்னா எனக்குக் கொட்டாவி வரும், கயிறு நழுவிரும். அதனால வெறும் எண்ணுதான். போன வருசம் நீங்க எழுவதுல இழுப்பிய. இப்பவும் எழுவதுலதான் இழுக்கிய. சித்த முந்தி எழுவத்தி மூணு."

"பொய் சொல்லுத."

"பையத் தட்டிப் பாருங்க. அஞ்சு சங்கு. மூச்சு பாதியாப் போனவன் அஞ்சு எடுப்பானா?"

"இந்த வருசம் அடியில சங்கு அடர்த்தி."

"ஆமா. மாதா கைய எடுத்துட்டு, சங்க மட்டும் அள்ளி அள்ளிப் போடுதா."

கயித்தான் பையைப் பார்த்தார். சங்கு குறையாததை அவர் கவனிக்காமல் இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று தோன்றவில்லை, அவ்வளவுதான். களைத்த மனுஷனுக்கு நல்ல சேதி மட்டும் கண்ணில் படாது.

"அப்ப என் செபம் எங்க லே போச்சு?"

"எங்கயும் போகல. முந்தி நீங்க செபம் சொன்னா மீன் ஏலம் விடுத மாதிரி இருக்கும். இப்ப நின்னு நின்னு சொல்லுதிய. சாயங்காலம் ஒங்க வீட்டுச் செபமாலை முடியதுக்குள்ள பக்கத்துல எங்க வீட்ல சோறு ஆறிப்போவுது."

அப்போதுதான் கயித்தானுக்குப் பிடி கிடைத்தது. ஐப்பசி மழையில் பிலோமிக்கு மூச்சிழுப்பு வந்திருந்தது. செபமாலையில் ஒவ்வொரு பிரியதத்தத்திலும் முன்பாதியை அவள் சொல்லுவாள். பின்பாதியை அவர் சொல்லுவார். அவளால் ஒரு மூச்சில் ஒரு வரிகூடச் சொல்ல முடியவில்லை. வரிக்கு வரி நிறுத்தினாள். அவளை முந்தக்கூடாது என்று அவரும் நிறுத்திச் சொன்னார். அந்த நடை நாக்கில் படிந்து, தண்ணீருக்கடியிலும் கூடவே வந்திருக்கிறது.

மூன்றாம் தடவை இறங்கினார். இந்தத் தடவை எண்ணவில்லை, காது கொடுத்தார். ஒரு வரி, பிறகு ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் சங்கு தேடிய கை மணலில் சும்மா கிடந்தது. மந்திரத்தின் கடைசி வரியில் 'இப்பொழுதும்' என்றார், நின்றார். இருபது வருஷத்தில் லட்சம் தடவை சொல்லியிருப்பார். அந்தச் சொல்லுக்கு இந்த நேரம், இந்த மணல், இந்த நெஞ்சு என்று பொருள் உண்டென்று ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. பயம் இருந்த இடத்தில் பயம் இல்லை. களைப்பு மட்டும் அப்படியே இருந்தது. அது எங்கேயும் போகிற மாதிரித் தெரியவில்லை. சங்கு இரண்டுதான் கிடைத்தது.

"எழுவத்தி ஒண்ணு" என்றான் மரியான், தூக்கிவிட்டுக்கொண்டே. "சம்மாட்டிட்ட என்ன சொல்லட்டும்?"

"அந்தத் தண்ணி செம்ப எடு" என்றார் கயித்தான்.

சாயங்காலம் கோவில் மணி அடித்ததும் பிலோமி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மண்ணெண்ணெய் பங்கீட்டு எண்ணெய் என்பதால் மாதா படத்துக்கு முன்னால் சிமினி விளக்கைத் திரி தெரியாத அளவுக்குத் தாழ்த்தி வைத்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கயித்தான், அவள் செபமாலையை எடுப்பதற்கு முன்னால் காலையில் நடந்ததை முழுக்கச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அவருக்கே நெஞ்சு இளகிவிட்டது.

"ஒன் மூச்சுக்கு ஏத்தாப்புல சொல்லிச் சொல்லி, கடலுக்குள்ளயும் ஒன் நடை வந்துட்டு பிலோமி. இத்தன நாளு ஒனக்காக நான் காத்து நிக்கேன்னுதான் நெனச்சேன். அதுல எனக்குத்தான் லாபம்."

பிலோமி சிலுவை வரைந்துகொள்ளத் தூக்கிய கையை நெற்றியிலேயே நிறுத்தினாள்.

"என் மூச்சுக்கா? எனக்கு இழுப்பு கார்த்திகையோடயே நின்னு போச்சு. நீங்கதான் கடல்ல இருந்து வந்து செபமாலையில முத பத்து மணி உருட்டி முடியதுக்குள்ள கண்ணச் சொருவிருதிய. முழிச்சு வந்து சேரட்டும்னு ஒவ்வொரு வரிக்கும் காத்துக் கெடக்குதது நானு."