நளீம் கட்டுவித்த மாடியறை

கல்முனைக்குடியில் 1957ஆம் ஆண்டு பிறந்த நளீம், படிக்கவென்று இங்கிலாந்துக்குப் போய், அந்நாட்டுப் பிரஜையாகி, தபால் பிரிக்கும் வேலை பார்த்தபடியே ஆங்கிலத்தில் ஏழு விஞ்ஞான நாவல்கள் எழுதினார். ஏழிலும் கதை ஒன்றுதான்: விண்கப்பலில் போனவன் வயதாகித் தன் ஊருக்குத் திரும்புவான், அவனுக்காக ஒரு வீடு திறந்திருக்கும்.

ஏழாவது நாவல் 2009இல் வந்தது. எட்டாவதைப் பற்றிப் பேசப் போனபோது, விண்கப்பலை விட்டுவிட்டு உங்கள் நாட்டு யுத்தத்தை எழுதுங்கள், அதற்குத்தான் வாசகர் உண்டு என்றது பதிப்பகம். நளீம் மறுத்தார். பிறகு விவாகரத்து, இருந்த வீடு மனைவிக்குப் போயிற்று. எட்டாவதை ஊரிலிருந்து எழுதிக்கொள்ளலாம் என்று 2023இல் வந்து இறங்கினார்.

ஊரில் தனக்கு வீடு இருப்பதாகவே நினைத்திருந்தார். தங்கை றம்லாவின் கல்யாணத்துக்கு அவர் அனுப்பிய பணத்தில் கட்டிய கல்வீடு அது. கடலைப் பார்த்த மாடியறை ஒன்றைத் தனக்கென்று சொல்லிக் கட்டுவித்திருந்தார்.

அந்த அறையில் இப்போது றம்லாவின் மகள் ஸம்றாவின் கணவன் அர்ஷாத் கணித வகுப்பு நடத்திக்கொண்டிருந்தான். மரியாதையாக வகுப்பைக் கீழே விறாந்தைக்கு மாற்றிக் கொடுத்தான். பள்ளிவாசல் முன்றலில் கண்டவர்கள், வேறு கிரகத்தில் தொழுவதென்றால் மக்காவை நோக்கும் கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டுச் சிரித்தார்கள். மூன்றாவது நாவலில் அதற்கென்றே ஓர் அத்தியாயம் இருந்தது. ஒருவரும் படித்திருக்கவில்லை.

இரண்டாம் மாதம் றம்லா அண்ணனுக்கு மாடிக்குத் தேநீர் கொண்டுவந்து வாசலிலேயே நின்றாள்.

"காக்கா, இன்னும் எத்தின நாளைக்கி இரிப்பீங்க?"

"புத்தகம் முடியிற வரைக்கும். என்ட அறைதானே புள்ள."

"அறை நீங்க கட்டினதுதான். ஊடு ஸம்றாட. கலியாணத்தோட அவள்ட பேருக்கு எழுதியாச்சி. நானே மகள்ட ஊட்டுலதான் இரிக்கன்." தேநீரை நீட்டினாள். "நீங்களும் இந்த ஊர்ல பொறந்த ஆள்தானே."

அந்த ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை அதைக் கட்டிக் கொடுத்துவிட்டு மனைவி வீட்டுக்குப் போகிறவன். எத்தனையோ கிரகங்களுக்குச் சட்டம் எழுதிய நளீம் இதை மட்டும் மறந்துபோயிருந்தார்.

பெட்டியோடு அறுகம்பேக்குப் போனார். அலையில் சறுக்க வரும் வெள்ளைக்காரர் தங்குகிற விடுதியொன்றில் பாஸ்போட்டை நீட்டினார். பொத்துவில்காரரான முகாமையாளர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"பொறந்தது கல்முனை எண்டிரிக்கி. ஊர்ல ஆக்கள் இல்லையா?"

"இரிக்காங்க. ஊடுதான் தங்கச்சிட மகள்ட."

முகாமையாளர் சிரித்துவிட்டார். அவரும் மனைவி வீட்டில் இருப்பவர்.

"அப்ப நம்மள மாதிரித்தான்."

சிரித்து முடித்து, வெளிநாட்டவருக்குரிய வாடகையை எழுதினார்.