அந்தா ஊரிக்கே

எங்கள் ஊரில் ரயில் நின்றதே எஞ்சினுக்குத் தாகம் எடுத்ததால்தான். சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகிற வழியில் இருக்கிற சின்ன ஊர். புரட்டாசி வந்தால் போதும், காட்பாடி, வேலூர்ப் பக்கத்து ஜனமெல்லாம் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு, கோவிந்தா போட்டுக்கொண்டு அந்த வழியாகத்தான் போகும். எஞ்சின் ஸ்டேஷனில் சாவகாசமாகத் தண்ணீர் பிடிக்கும். ஜனங்கள் ஜன்னல் வழியாக எங்கள் ஊரை ஒரு பார்வை பார்ப்பார்கள். ஒருத்தரும் இறங்கினதில்லை.

எஞ்சினுக்கு இருந்த தண்ணீர் எங்கள் மிஷன் தெருவுக்கு இல்லை. தெருக் கிணறு உப்பு. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் தண்டவாளத்தைத் தாண்டி மாந்தோப்புக் கிணற்றுக்குப் போகவேண்டும். எதிர் வீட்டு அக்கா நிறைமாசத்தில் அப்படிப் போய், இடுப்புக் குடத்தோடு ஜல்லியில் சறுக்கி விழுந்தாள். குழந்தை தங்கவில்லை. அதற்கப்புறம் தெருப் பெண்கள் எல்லோரும் போய்ப் பஞ்சாயத்து போர்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தோம். குழாய் போட்டுத் தருகிறோம், பணம் ஒதுக்கியாயிற்று என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், எங்கள் தெருவுக்குப் போர்டு மெம்பரும் அவர்தான். அதனால் நான் கொஞ்சம் மிதப்பாகவே இருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் மீட்டிங் முடிந்து அவர் வந்தார். முகமெல்லாம் பல். யாத்திரைக்காரர்களை நம் ஊரில் இறக்கப் போகிறோம் என்றார். ஸ்டேஷன் மைதானத்தில் எக்ஸிபிஷனாம். ராட்டினம், குஸ்தி, வாணவேடிக்கை, பாட்டுப் பாடுகிற பெட்டி, அத்தனையும் இனாம். ஜனம் இறங்கினால் கடை வரும், கடை வந்தால் வாடகை வரும், அடுத்த வருஷம் தெருவுக்குத் தெரு குழாய் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"இதுக்கெல்லாம் பணம்?" என்று கேட்டேன்.

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். குழாய்ப் பணம்தான்.

"நீங்களும் கை தூக்கினீங்களா?"

"எல்லாரும் தூக்கினாங்கம்மே."

எனக்கு வந்த கோபத்துக்கு அடுப்பிலிருந்த குழம்பை அப்படியே இறக்கி வைத்துவிட்டேன். "நல்லது. கொழா வர்ற வரைக்கும் இந்த ஊட்டுக்குத் தண்ணி நீங்கதான் எடுக்கணும். இல்லன்னா உப்புத் தண்ணியிலதான் சோறு. துன்னுங்க" என்றேன். நான் சொன்னால் சொன்னதுதான், அது அவருக்கும் தெரியும். விடியற்காலையில் வாத்தியார் தோளில் குடத்தோடு தண்டவாளம் தாண்டுவதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. எதிர் வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அதுவரைக்கும் என்னை 'ஏம்மே, ஏம்மே' என்று நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், என்னோடு பேசுவதையே விட்டுவிட்டாள். நான் வாசலுக்கு வந்தால் அவள் உள்ளே போய்விடுவாள். அது எனக்குத் தாங்கவில்லை.

ஆனாலும் உள்ளதைச் சொல்லவேண்டும். மைதானத்தில் மூங்கில் நட ஆரம்பித்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ராட்டினம் ரேணிகுண்டாவிலிருந்து கூட்ஸ் வண்டியில் வந்து இறங்கியது. குதிரைகளின் காதில் சிவப்புச் சாயம் இன்னும் காயவில்லை, தொட்டால் விரலில் ஒட்டியது. பெட்ரோமாக்ஸ் விளக்குகளை வரிசையாகக் கட்டி ஏற்றிப் பார்த்தபோது ஊரே பட்டப்பகல் மாதிரி ஆகி, காக்காய்கள் எழுந்து கத்தின. பணத்தை இப்படிக் கொட்டுகிறார்களே என்று வயிறு எரியும், அடுத்த நிமிஷம் அந்தப் பாட்டுப் பெட்டியைத் திறக்கமாட்டார்களா என்று இருக்கும். திட்டிக்கொண்டே தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதல் நாள் வந்தது. பிளாட்பாரத்துக்கு எதிரே பெரிய துணி கட்டியிருந்தது. மேலே தெலுங்கு எழுத்து, கீழே தமிழ் எழுத்து. பக்கத்தில் டமாரக்காரர் நின்றுகொண்டார். அவர் குரல் அடுத்த ஸ்டேஷனுக்குக் கேட்கும். ரயில் வந்து நின்றதும் டமாரத்தைத் தட்டி, "அந்தா ஊரிக்கே! அந்தா ஊரிக்கே!" என்று கூவ ஆரம்பித்தார். தெலுங்கில் அப்படியென்றால் எல்லாம் இனாம், காசே வேண்டாம் என்று அர்த்தம். எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

ஒருத்தரும் இறங்கவில்லை.

பெட்டி நிறைய ஜனம். ராட்டினத்தைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள், குழந்தைகள் கை நீட்டி அழுகின்றன, கதவு மட்டும் திறக்கவில்லை. போர்டு பிரசிடெண்ட், இறங்குகிறவர்களுக்குப் போட வைத்திருந்த மாலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று. குழாயும் போச்சு, குழாய்க்கு வைத்த பணமும் போச்சு. பொறுக்கமுடியாமல் ஒரு ஜன்னலண்டை போய், அழுகிற பிள்ளையை அடக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம், "இன்னாத்துக்கு எறங்காம குந்திக்கினு கீறீங்க?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நல்லா கேட்டியே. அந்த ஊருக்கே, அந்த ஊருக்கேன்னு தொண்டை கிழியக் கத்திக்கினு கீறாரு. துணியிலயும் அதையே எழுதி வெச்சிக்கீது. உங்க ஊருக்குன்னு பண்ற திருவிழாவுல நாங்க எதுக்கு வந்து நிக்கறது? எங்களுக்கு மானம் இல்லியா?"

திரும்பி அந்தத் துணியைப் பார்த்தேன். எழுதினவர் தெலுங்கு வார்த்தையை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டிருந்தார்: அந்தா ஊரிக்கே. எத்தனை நாளாக அதன் கீழே நடந்திருக்கிறேன், தமிழ்தான் எனக்குத் தாய்மொழி, அப்போதும் என் கண்ணில் படவில்லை. பாதி வாயில் தமிழ், பாதி வாயில் தெலுங்கு என்று வளர்ந்தவர்களுக்கு எது எந்த மொழி என்றே தெரிவதில்லை. ஊரைக் கூப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, உள்ளே வராதே என்று டமாரம் போட்டு விரட்டிக்கொண்டிருந்தோம்.

எஞ்சின் தண்ணீர் பிடித்து முடிக்கப் போகிறது. முந்தானையை இடுப்பில் செருகினேன். வாத்தியார் பெண்டாட்டி, மிஷன் தெருக்காரி என்பதெல்லாம் மறந்துபோச்சு. "சும்மா! எல்லாம் சும்மா! காசு வாணாம், எறங்குங்க! ராட்டினம் சும்மா! சாயங்கால வண்டியில மலைக்குப் போய்க்கலாம்!" என்று பெட்டி பெட்டியாகக் கத்திக்கொண்டு ஓடினேன். எங்கள் வீட்டுக்காரர் முதலில் திகைத்தார், அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபக்கத்திலிருந்து ஓடி வந்தார். முதல் கதவு திறந்தது. அப்புறம் பார்க்கவேண்டுமே, மூட்டையும் பிள்ளையுமாக ஜனம் கொட்டியது. கார்டு விசில் ஊதி ஊதி ஓய்ந்துபோனார். பிரசிடெண்ட் யாருக்கு மாலை போடுவது என்று தெரியாமல், முதலில் இறங்கின வழுக்கைத் தலைப் பெரியவருக்குப் போட்டுவிட்டார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அந்தத் துணியை அன்றைக்கே அவிழ்த்தார்கள். அந்தப் புரட்டாசி முழுக்க ஊர் ஜேஜே என்று இருந்தது. கடைகள் வந்தன, வாடகையும் வந்தது. அவர் சொன்னது அத்தனையும் நடந்தது, ஒன்றைத் தவிர. குழாய் வந்தது, எங்கள் தெருவுக்கு இல்லை. மைதானத்து ஓரத்தில் தொட்டி கட்டி, யாத்திரைக்காரர்களுக்கென்று பித்தளைக் குழாய் வைத்தார்கள். தாகத்தோடு போனால் அடுத்த வருஷம் இறங்கமாட்டார்களாம். "இந்தத் தடவை நான் கை தூக்கலம்மே. நான் ஒருத்தன்தான்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

குழாயண்டை வாட்ச்மேன் போட்டார்கள். தண்ணீர் இனாம் என்று யாத்திரைக்காரர்களுக்குத் தெரியவேண்டுமே, பலகை எழுதலாமா என்று மீட்டிங்கில் பேச்சு வந்ததாம். "பழைய துணிதான் கீதே, அதையே கட்டலாம்" என்று சொன்னவர் எங்கள் வீட்டுக்காரர். சிக்கனத்துக்குச் சொன்னாரா, தெரிந்துதான் சொன்னாரா என்று நான் கேட்டதில்லை. அர்த்தம்தான் இப்போது ஜனத்துக்குத் தெரியுமே என்று எல்லோரும் சரியென்று கை தூக்கினார்கள்.

துணியைக் கட்டின மறுநாள் காலையில் சத்தம் கேட்டு ஓடினேன். எதிர் வீட்டு அக்கா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். பின்னால் தெருப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். வாட்ச்மேன் கை இரண்டையும் விரித்து மறித்துக்கொண்டிருந்தார். யாரோ ஓடிப்போய்ச் சொல்லிப் பிரசிடெண்டே வந்துவிட்டார். இது யாத்திரைக்காரர்களுக்கு வைத்த குழாய், ஊர் ஜனம் தொடக்கூடாது என்று தெலுங்கில் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

அக்கா அசையவில்லை. கையைத் தூக்கித் துணியைக் காட்டினாள். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. அதுல இன்னா எழுதிக்கீது, நீங்களே சொல்லுங்க."

பிரசிடெண்ட் அண்ணாந்து பார்த்தார். "அந்தா ஊரிக்கே" என்று படித்தார்.

"அந்த ஊருக்கே. நீங்களே சொல்லிட்டீங்க" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தாள்.

தண்ணீர் குடத்தில் சடசடவென்று விழுந்தது. பிரசிடெண்ட் மறுபடியும் துணியைப் பார்த்தார், சிரித்துவிட்டார். வாட்ச்மேன் விரித்த கையை மடக்கிக்கொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எல்லோருக்கும் பின்னால் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தேன். குடம் நிரம்பினதும் அக்கா அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். வரிசையைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"ஏம்மே," என்றாள், "சும்மா நின்னுக்கினு கீறியே. போய் உன் கொடத்தக் கொண்டா."