அம்மா ஊன்றச் சொன்ன முருங்கை

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இன்று அவரை நினைத்து வீடு தேடி வந்திருக்கும் உங்களுக்காக, மகள் என்ற முறையில் நான் நாலு வார்த்தை எழுத வேண்டும் என்றார் அப்பா. எதையாவது விட்டுவிடுவேனோ என்று எழுத உட்கார்ந்ததிலிருந்து பயமாகவே இருக்கிறது. இந்தப் பயமும், சின்ன வயதிலேயே எல்லாவற்றையும் விட்டு வந்த அம்மா கொடுத்ததுதான்.

அம்மா பிறந்தது கம்மாபுரம் பக்கத்தில் ஒரு சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில். அந்தச் சிற்றூர் இன்று இல்லை, நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. காலி செய்தபோது அவர் சிறுபெண். கொல்லை முருங்கை அன்று பூவும் பிஞ்சுமாக நின்றதாம். அதைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அப்பாவின் ஷிப்டுக்குத் தக்கபடி சமைத்து, என்னையும் தம்பியையும் சத்தம் போடாமல் படிக்கவைத்து ஆளாக்கினார். எங்கள் பிளாக்கில் எல்லார் வீட்டிலும் மா, தென்னை, முருங்கை நிற்கும். எங்கள் வீட்டில் கீரை, வெண்டை, கொத்தவரை மட்டும்தான். ரிட்டயரானால் விட்டுவிட்டுப் போகவேண்டிய வீடாயிற்றே! உன் தோட்டம் எப்போதும் பெட்டி கட்டிக்கொண்டு தயாராக நிற்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வார். அம்மாவும் சிரித்துக்கொள்வார்.

அப்பா ரிட்டயரானதும் சேத்தியாத்தோப்பு போகும் சாலையில் சொந்தமாக வீடு கட்டினோம். குடிவந்த கொஞ்ச நாளிலேயே அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, அதிக காலம் இல்லை என்றார். அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை.

அப்போது கோடை தொடங்கியிருந்தது. புதுக் கொல்லையில் என்ன போடலாம் என்று அம்மா தினமும் கேட்பார். பூசணி என்பார், புடலை என்பார். ஒவ்வொரு பெயருக்கும் என் மனம் நாள் கணக்குப் போடும். காய்ப்பதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? காலியான பந்தலை அப்புறம் யார் பார்ப்பது? கடைசியில் தம்பியைச் சந்தைக்கு அனுப்பி, சீக்கிரம் வரும் கீரை விதையாகப் பார்த்து வாங்கிவரச் சொன்னேன்.

அம்மா பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். "டாக்டரு என்ன சொன்னாருன்னு இதைப் பாத்தாலே தெரியுதே" என்றார். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"கீரையைத் தூவுங்க, நான் சாப்பிடறேன். ஆனா ஒரு முருங்கைப் போத்தும் வெட்டிகினு வாங்க. இத்தினி வருசமா கெளம்பறதுக்குள்ள வர்றதாப் பாத்துப் பாத்துப் போட்டேன். இது நம்ம வூடு. நான் கெளம்பினாலும் நீங்க இருப்பீங்க இல்ல?"

நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் சொல்லச் சொல்ல, அப்பா கிளையை ஊன்றினார். வெட்டிய நுனி காயாமல் இருக்கச் சாணி உருண்டையை அம்மாவே கையை நீட்டி அப்பினார். கீரையை ஆசையாகச் சாப்பிட்டார். முருங்கை துளிர்த்ததையும் பார்த்தார். ஆடியில் எங்களை விட்டுப் போய்விட்டார்.

அன்று முதல் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் எனக்குக் கொல்லை நினைப்புதான். முருங்கைக் கிளை சுலபத்தில் முறிந்துவிடும். அப்பா மூங்கிலை முட்டுக் கொடுத்திருக்கிறார், அப்படியும் நான் ஓடிப்போய்ப் பார்க்காமல் இருப்பதில்லை. இந்தக் கோடையில் முதல் காய்ப்பு. அந்தக் காய் போட்டு, அம்மா இல்லாமல் வைத்த சாம்பாரை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு முறை வைத்து வந்து துணைக்கு இருந்த பழைய பிளாக் அக்காமாருக்கும், அம்மாவைத் தூக்கி வண்டியில் ஏற்றிய அப்பாவின் ஷிப்டு நண்பர்களுக்கும், எங்களைத் தனியே விடாத சொந்தங்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போங்கள். ஆளுக்கு ஒரு முருங்கைப் போத்து வெட்டி வைத்திருக்கிறோம். குவார்ட்டர்ஸில் இருப்பவர்களும் எடுத்துக்கொண்டு போய் ஊன்றுங்கள்.