அக்காவின் அறையில் விளக்கு எரிய வேண்டாம்

ஆண்டு நினைவு மலருக்கு அக்காவைப் பற்றி அழகாக, நாலு பேர் கண்கலங்கும்படி எழுதச் சொன்னார்கள். மன்னிக்க வேண்டும். எனக்கு ஒரு வருடமாகக் கோபம் ஆறவில்லை.

மன்னாரில் பிறந்த அக்கா, மொன்றியல் டவுன்டவுனில் உணவகமொன்றில் பாத்திரம் கழுவி என்னையும் இங்கே எடுப்பித்தார். எடுப்பித்த பொருள் அவ்வளவு உருப்படவில்லை என்பது அவருக்குத் தெரியும்; வெளியே சொன்னதில்லை. திருமணம் செய்யாத அவருக்கு நகரின் லாசால் பகுதியில் எங்கள் வீட்டுச் சின்ன அறையும் யன்னலோரக் கள்ளிச் சட்டிகளுமே உலகம்.

கள்ளித் தண்டின் ஓரம் பல்லுப் பல்லாகக் கூராயிருந்தால் நவம்பரில் பூக்கும். மழுங்கி வளைந்திருந்தால் அதுதான் கிறிஸ்மஸுக்குப் பூக்கும் அசல் நத்தார்க் கள்ளி. முன்னதைப் பின்னதென்று விற்ற கடைக்காரரோடு அக்கா அரைகுறைப் பிரெஞ்சில் சண்டை பிடித்ததும், நான் தக்காளிக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்ததும் உண்மை.

நத்தார்க் கள்ளி மொட்டு வைக்க, இலையுதிர்காலத்தில் ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதமாவது, இரவுதோறும் நீண்ட இருட்டு வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பின் அக்கா அந்த அறையில் விளக்குப் போடமாட்டார். இருட்டிலேயே உடுப்பு மடிப்பார். கடைசியாக ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னதும் அதுதான்: "ஆறு மணிக்கு லைற்றை நூத்துப் போடு. உன்ர மறதியைக் காட்டாதை."

ஒக்டோபரில் அக்கா இறைவனடி சேர்ந்தார். அவர் படத்துக்கு முன்னால் முப்பத்தொரு நாளும் விளக்கு அணையக்கூடாது என்றார் பெரிய மாமா. மெழுகுதிரி கொளுத்தினால் புகை அலாரம் கத்தும், ஆகவே மின்குமிழ். முன்னறை முழுக்கச் செபமாலைக்கு வந்தவர்களின் கதிரைகள். ஆகவே படம் அக்காவின் அறையில். சுவிட்சைப் போட்ட பக்திமான் நான்தான்.

நத்தாருக்கு ஒரு மொட்டும் இல்லை.

"பாத்தியோ தம்பி, கள்ளிக்கும் துக்கம்," என்றார் மாமா.

"துக்கமில்லை மாமா. அறுபது வாட்."

அந்தத் துக்கக் கதை நகரின் மறுமுனையில் செயின்ட்-மிஷேல் வரை போய், எனக்கே ஆறுதலாகத் திரும்பி வந்தது. பக்கத்துச் சட்டி ஓர்க்கிட் கள்ளி வசந்தத்தில் உள்ளங்கையளவு சிவப்பாய்ப் பூத்ததே, அதற்கு மட்டும் துக்கமில்லையாக்கும்! அக்கா வாழ்நாளில் எங்களிடம் கேட்டது கொஞ்சம் இருட்டு. அதையும் பக்தியோடு கெடுத்தோம். மாமாவில் கோபம், என் விரலில் அதைவிடக் கோபம்.

நோயில் கஞ்சி கொண்டுவந்தவர்களுக்கும், பெட்டி தூக்கியவர்களுக்கும் நன்றி. மாமாவுக்கும் நன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு. ஆண்டுப் பூசை முடிய வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். மெழுகுதிரியைக் கோயிலிலேயே கொளுத்திவிட்டு வாருங்கள். அக்காவின் அறை இருட்டாக இருக்கும். பழக்கதோஷத்தில் யாராவது சுவிட்சைத் தட்டினால், அது அநேகமாக நானாகத்தான் இருக்கும், ஒன்றும் எரியாது. குமிழைக் கழற்றி என் காற்சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.