பாலத்துக் காவல்காரன்

ரூசே நகரத்தில் டிராலிபஸ் ஓட்டும் தெமெனுகாவுக்கு வாய் நீளம். சனிக்கிழமையானால் கையும் நீளம். நண்பன் வெலிச்கோவின் சமையலறை மேசையில் ஆடும் கதை விளையாட்டில் அவள் சில்கா என்ற திருடி; அவள் கணவன் ஒக்னியானோ ராவக் என்ற காவல்காரன். நாடு, மலை, அரக்கர் எல்லாவற்றையும் வெலிச்கோ வாயாலேயே சொல்லுவான். விழுகிற வெட்டில் பிழைப்பதா சாவதா என்பதைப் பகடை சொல்லும். வளர்ந்த ஆட்களுக்கு இது தேவையா என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்! அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு: எல்லார் கண்ணெதிரே உருண்ட பகடையை மறுபடி உருட்டக் கூடாது.

ராவக் செத்தது அந்தச் சட்டத்தால்தான். மற்றவர்கள் தப்புவதற்காகப் பாலத்தில் அரக்கர் கூட்டத்தை மறித்து நின்றான். பகடையில் ஒன்று விழுந்தது; ஒன்று என்றால் சாவு.

"மேசை ஆடிடுச்சு, இன்னொரு தடவை உருட்டு," என்று தெமெனுகா கெஞ்சினாள்.

ஒக்னியான் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாப் பலகாரத்தின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டான். "விழுந்தது விழுந்ததுதான். சாகப்போறவனுக்கு இந்த ஒரு துண்டு போதும். நீங்க ஓடுங்க!"

அடுத்த குளிர்காலத்தில் ஒக்னியானே மாரடைப்பில் போய்விட்டான். அதற்குப் பிறகு தெமெனுகா அந்த மேசைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

வெலிச்கோ அந்த உலகத்தை நாவலாக எழுதினான். பதிப்பகத்துக்கு அனுப்பும் முன் அவளை அந்தச் சமையலறைக்கு வரவழைத்தான்.

"ராவக்க நான் சாகவிடல. கடைசிவரைக்கும் வரான். படிச்சுப் பாரு. நீ சரின்னா இப்படியே போகட்டும்."

புத்தகத்திலாவது இருப்பானே! ஆசையாகப் படித்தாள். ராவக் காயம் ஆறி எழுந்தான், படை நடத்தினான், அரசனுக்குப் புத்தி சொன்னான். படிக்கப் படிக்க அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"யாருடா இவன்?"

"ராவக்தான்."

"என் புருஷன் நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசினாலே அதிசயம். இவன் பிரசங்கம் பண்றான்! பாலத்துல நின்னவன்தான் அவன். பொழச்சு வந்தவன் வேற எவனோ."

"கொல்ல எனக்கு மனசு வரல, தெமெனுகா."

"எனக்கு மட்டும் வருதா? விழுந்தது விழுந்ததுதான்னு அவன் வாயாலயே சொன்னான். அவன் போனப்புறம் அவனுக்காக நீ மறுபடி உருட்டுறியே!"

வெலிச்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளும் அழுதாள். இருவருக்கும் அது இத்தனை நாள் பாக்கியிருந்த அழுகை.

"கொன்னுடு," என்றாள் கடைசியில். "ஆனா அந்தப் பனிட்சாவ விட்டுடாத."

"அப்புறம் பாதிப் புத்தகம் கிடக்கே, யாரை வெச்சு எழுத? சில்கா பாலத்தைத் தாண்டினதோட நிக்கிறா. நீதான் மேசைக்கு வரதே இல்லையே."

தெமெனுகாவின் பார்வை அந்த மேசைக்குப் போனது. ராவக் பாலத்தில் நின்றது எதற்கு? இவள் ஓடட்டும் என்றுதானே! இவளோ இன்னும் கரையிலேயே திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டாள்.

"சில்கா ஓடுறா. பகடைய எடு."